ஏரிக்குள் போன ரயிலும் எனக்கு வராமல் போன மாப்பிள்ளையும்

நான் சொன்னது சரி என்று காட்டுவதற்காக, நல்லபடியாக நிச்சயம் ஆகவிருந்த ஒரு கல்யாணத்தை ஏரியில் மூழ்கடித்தவள் நான். இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் எதிர்பார்க்கிறார்கள். குனிய மாட்டேன். (கழுத்து வலி வந்த பிறகு குனியவும் முடிவதில்லை.)

விஷயம் ஒரு ரயிலைப் பற்றியது. உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வந்திருக்கும். உத்திரமேரூருக்கே ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போக வேண்டும். உத்திரமேரூரிலிருந்தும் இன்னும் உள்ளே தள்ளி, பஸ்ஸே யோசித்து யோசித்து வந்து போகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரின் ஏரிக்கரை ஓரமாக ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பதை நான் கண்டுபிடித்தேன். (கண்டுபிடித்தேன் என்பதை ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "கெளப்பி வுட்டா" என்றுதான் சொன்னார்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். நைனாவுக்குப் பட்டுத்தறி. எனக்குத் தறியில் கை ஓடாது, வாய் மட்டும் நன்றாக ஓடும். வரலாறு படித்த திமிரில், எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் ஒளிந்திருப்பதாகத் தோன்றிக்கொண்டிருந்த வயது. எங்கள் வீட்டு அம்மிக்கல்லைப் புரட்டிப் போட்டு அடியில் கல்வெட்டு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். (இல்லை. காய்ந்துபோன சட்னி இருந்தது.)

ஏரிக்கு மேற்கே ஒரு காப்புக்காடு. காடு என்றால் யானை புலி என்று கற்பனை செய்ய வேண்டாம். முள்ளும் புதரும் ஓணானும்தான். சுள்ளி பொறுக்கப் போகிற பெண்களோடு ஒரு நாள் சும்மா போனேன். அவர்கள் நடந்த ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து போயிற்று. அதை ஒட்டியே, புதருக்குள் நீளமான ஒரு மேடு. அது மட்டும் எங்கேயும் வளையாமல், நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. மாடு போட்ட பாதை வளையும், மனுஷன் போட்ட பாதையும் வளையும். வளையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பாதை எது? ரயில் பாதை ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தனியாகவே போக ஆரம்பித்தேன். மேட்டின் மேல் குறுக்கே குறுக்கே லேசான பள்ளங்கள், பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு மாதிரி. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகள் மக்கிப்போன தடம் அது. குச்சியால் கிளறினால் தலை பெருத்த இரும்பு ஆணிகள் வந்தன. ஓடையைத் தாண்டுகிற இடத்தில் செங்கல்லில் கட்டிய குட்டிப் பாலம், அதன் முதுகைப் பிளந்துகொண்டு ஓர் ஆலஞ்செடி. நான் அந்தப் பாலத்தில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி, வராத ரயிலுக்காக வெகுநேரம் காத்திருப்பேன். முள் கிழித்த பாவாடையும் கையில் ஆணியுமாக நான் வீடு திரும்புவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஆணி பொறுக்கிக்கினு திரியுதே, இத எவன் கட்டுவான்?"

ஊரில் வயதானவர்களைத் துளைத்தெடுத்ததில் துண்டு துண்டாகக் கொஞ்சம் கிடைத்தது. பெரிய சண்டைக் காலத்தில், அதாவது இரண்டாம் உலகப்போரின்போது, நிலக்கரி கிடைக்காமல் விறகுக்கு ஏகக் கிராக்கியாம். காட்டை ஏலம் எடுத்து மரம் வெட்டுவதற்குக் கூப்பு என்று பெயர். அப்படிக் கூப்பு எடுத்த ஒருவர், மரத்தை ரோடு வரைக்கும் கொண்டுவரச் சின்னதாகத் தண்டவாளம் போட்டு வண்டி விட்டிருக்கிறார். சண்டை முடிந்தது, மரமும் முடிந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றுவிட்டு மனுஷர் போய்விட்டார். ஊரும் மறந்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கவில்லை. விறகுக்குப் போகாத நல்ல மரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவதற்காக ஏரிக்குள்ளேயே இறங்கும்படி ஒரு கிளைப்பாதை போட்டிருந்தார்கள். அது மட்டும் தப்பித்திருந்தது. அந்தத் தண்டவாளத்தின் மேல், சாட்சாத் இரும்புச் சக்கரங்களோடு ஒரு வண்டியும் நின்றது! ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்கள், வலையைக் கரைக்கு ஏற்றி இறக்க அதை உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்துக்கு ஆமணக்கெண்ணெய் விட்டு, உருண்டு போகாமலிருக்க முன்னால் ஒரு கருங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"உத்திரமேரூருக்கே ரயிலு இல்ல, நம்ம ஊர்ல கீதா?" என்று சிரித்தார்கள். "அது மீன்காரன் வண்டிம்மா."

இந்த நிலைமையில்தான் தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

ஏற்பாடு என் தாய்மாமன் குப்புசாமி. மாப்பிள்ளை ராஜேந்திரன், செங்கல்பட்டில் பேங்க் கிளார்க். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பெயர் சம்பந்தம். (சம்பந்தம் பேச வந்தவரின் பெயரே சம்பந்தம் என்று நான் முந்தின நாளே சிரித்ததற்கு அம்மா என்னைக் கிள்ளினாள்.) எனக்கு இடப்பட்ட உத்தரவு சுலபமானது. அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்ள வேண்டும், காப்பி கொடுக்க வேண்டும், நமஸ்காரம் பண்ண வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. முதல் மூன்றையும் நான் குறையில்லாமல் செய்தேன்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக எங்கள் இரண்டு பேருக்கும் தரை பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்பது அவர் இரண்டாம் தடவை கேசரி கேட்டதிலேயே தெரிந்தது. சம்பந்தம் பஜ்ஜியைக் கடித்தபடி திருப்தியாகச் சொன்னார்:

"ஊரு நல்லா கீது. ஏரி ரொம்பி கீது. இன்னா, ரயிலுதான் இல்ல. என் சர்வீஸ்ல நான் கால் வெக்காத லைன் கெடையாது. இந்தப் பக்கம் வெள்ளக்காரன் காலத்துலருந்து ஒரு மொயம் தண்டவாளம் போட்டது கெடையாது."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். உண்மையாகவே கடித்துக்கொண்டேன். ஆனால் உதடு வழுக்கிவிட்டது.

"இருந்துது" என்றேன்.

 அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பிலிருந்த பால் திரிந்திருக்கும்.

"இன்னாது?" என்றார் சம்பந்தம்.

"தண்டவாளம். ஏரிக்கரைல. இப்பவும் கீது."

குப்புசாமி மாமா குறுக்கே விழுந்தார். "கொயந்த வெளாட்டுக்கு சொல்லுது, நீங்க பஜ்ஜி சாப்பிடுங்க."

"வெளாட்டு இல்ல மாமா. கூப்பு ரயிலு. மரம் ஏத்தினு போன ரயிலு."

சம்பந்தம் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "தோ பாரும்மா, நீ படிச்ச பொண்ணு, சரி. நான் தண்டவாளத்துலயே பொறண்டு எந்திரிச்சவன். எங்கிட்டயே ரயில் கத சொல்றியா?"

"கத இல்லீங்க. வாங்க, காட்றேன்."

இதற்கு அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம், அல்லது சிரித்துவிட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நட" என்றார். என்னைவிடப் பிடிவாதக்காரர் ஒருவரை அன்றுதான் நான் முதன்முதலில் சந்தித்தேன். (பிள்ளையைவிட அப்பாவோடு எனக்குப் பொருத்தம் அதிகம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.)

பெண் பார்க்க வந்த கும்பல் முழுவதும், வெற்றிலைத் தட்டோடு, வெயிலில், ஏரிக்கரைக்குக் கிளம்பியது. முன்னால் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான். என் பக்கத்தில் சம்பந்தம். பின்னால் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் குப்புசாமி மாமா, தனக்குத்தானே ஏதோ புலம்பிக்கொண்டு. நைனா என் புடவையைப் பார்த்தபடியே வந்தார். கடைசியில் அம்மா, மாப்பிள்ளையின் அம்மாவிடம், "மத்தபடி தங்கமான பொண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேட்டைக் காட்டினேன்.

"வாய்க்கா கரை" என்றார் சம்பந்தம்.

பள்ளங்களைக் காட்டினேன்.

"மய அரிச்ச பள்ளம்."

ஆணி ஒன்றைத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு, "கட்ட வண்டி ஆணியா இருக்கும்" என்று சொல்லித் தூரப் போட்டார். குட்டிப் பாலத்தை மதகு என்றார். என் காதில் புகை வந்துகொண்டிருந்தது. புடவைத் தலைப்பு முள்ளில் மாட்டிக் கிழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. நைனா கவனித்தார். நெய்கிறவர் அல்லவா, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் சீமைக்கருவேலம் புதரைச் சுற்றிக்கொண்டு ஏரிச் சரிவுக்கு வந்தோம். தண்டவாளம் வெயிலில் பளபளத்தது. அதன்மேல் வண்டி. வண்டியின்மேல் மலைபோல் வலை.

சம்பந்தம் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து தண்டவாளத்தைத் தடவினார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சாண் போட்டு அளந்தார். காதை வைத்துத் தட்டிக்கூடப் பார்த்தார். "நல்ல இரும்பு" என்று அவர் சொன்னபோது குரல் குழைந்திருந்தது. தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தார். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"இப்ப இன்னா சொல்றீங்க?" என்றேன்.

அவ்வளவுதான். மனுஷர் விறைத்துக்கொண்டு எழுந்தார். "தண்டவாளம் கீது, ஒத்துக்கறேன். ஆனா இது ரயிலு இல்ல. ட்ராலி. தள்ளு வண்டி."

"தண்டவாளத்து மேல ஓடினா ரயிலுதான்."

"ஓடட்டும் பாக்கலாம். துரு ஏறி குந்தினு கீது. இது எங்க ஓடப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே வண்டியின்மேல் ஏறி, வலைக் குவியலில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். "தோ, நானே மேல கீறேன். இது ஓடிச்சின்னா ரயிலுன்னு ஒத்துக்கறேன்."

நானும் தாவி ஏறினேன். நான் ஏன் ஏற வேண்டும் என்று இன்றுவரை கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. அவரைத் தனியாக அனுப்பினால், போய்விட்டுத் திரும்பிவந்து, ஓடவே இல்லை என்று சாதித்துவிடுவாரோ என்ற பயம்.

"மாமா, அந்தக் கல்ல எடுங்க" என்றேன்.

குப்புசாமி மாமா கையைப் பிசைந்துகொண்டு சம்பந்தத்தைப் பார்த்தார். "எடுய்யா!" என்றார் சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லை மாமா என்றைக்குத் தட்டியிருக்கிறார்? குனிந்தார், எடுத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. "நான் சொல்லல?" என்று சம்பந்தம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வண்டி அசைந்தது.

முதலில் அது ஒரு முனகலோடு, தூங்கி எழுந்த எருமை மாதிரித்தான் கிளம்பியது. அதற்குள் ஆமணக்கெண்ணெய் வேலையைக் காட்டிவிட்டது. சரிவில் வேகம் பிடித்தது. தடதடவென்று, சத்தியமாக ரயில் மாதிரியே தடதடவென்று ஓடியது. காற்றில் என் தலையிலிருந்த மல்லிகைச் சரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. சம்பந்தம் அத்தனை வருட அனுபவத்தையும் திரட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"பிரேக் எங்கமா?"

பி.ஏ. வரலாற்றில் பிரேக் பற்றிப் பாடம் கிடையாது.

ஏரியில் தூரத்தில் கட்டுமரத்திலிருந்த மீன்காரர் எழுந்து நின்று, "யோவ்! யோவ்! வல கீதுயா அதுல!" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. அடுத்து, வண்டி தண்ணீரைப் பிளந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தெறித்தோம். எங்களை உதறிவிட்ட வண்டி, பாரம் குறைந்த சந்தோஷத்தில் இன்னும் உள்ளே போய், தண்டவாளம் முடிகிற இடத்தையும் தாண்டி, ஆழத்தில் தலைகுப்புற இறங்கியது. பெரிய பெரிய குமிழிகள் வந்தன. அப்புறம் அதுவும் வரவில்லை.

நான் மார்பளவு சேற்றில் நின்றேன். எதிரே சம்பந்தம், தலையில் ஆகாயத்தாமரை முளைத்திருந்தது. கரையில் அம்மாவின் ஓலம், மாப்பிள்ளையின் அம்மாவின் ஓலம், கையில் கருங்கல்லைப் பிடித்தபடியே குப்புசாமி மாமாவின் ஓலம். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம். மாப்பிள்ளை! காலையிலிருந்து தரையைவிட்டுக் கண்ணை எடுக்காத மனுஷன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நல்ல குடும்பத்துப் பெண் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மன்னிச்சுக்கோங்க மாமா" என்றோ, "அடி கிடி பட்டுதா?" என்றோ கேட்டிருக்க வேண்டும். நான் வாயிலிருந்த ஏரித்தண்ணீரைத் துப்பிவிட்டுக் கேட்டேன்:

"ஓடிச்சா?"

அவரும் துப்பினார். "அது ட்ராலி!"

"ஓடிச்சின்னா ஒத்துக்கறேன்னு சொன்னீங்களே!"

"சிக்னல் கீதா? இஞ்சின் கீதா? கார்டு கீறாரா? இத ரயிலுன்னு சொன்னா, எங்க டிபார்ட்மெண்ட்ல சிரிப்பாங்க!"

கட்டுமரம் எங்களருகே வந்தது. மீன்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரயிலா ட்ராலியான்னு அப்பறமா பேசிக்குங்க. எங்க வல எங்க?" என்றார். அன்று அந்த இடத்தில் இருந்தவர்களிலேயே நியாயமான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். (வலை மறுநாள் பாதிதான் கிடைத்தது. கிழிந்ததையெல்லாம் நைனா தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.)

சம்பந்தம் நைனாவின் வேட்டியைக் கட்டிக்கொள்ள, மீதிக் கேசரியையும் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் அவர்கள் போனார்கள். நைனாவைவிட அவர் உயரம் என்பதால் வேட்டி முழங்காலோடு நின்றுவிட்டது. அந்தக் கோலத்தில் பஸ் படியில் ஏறும்போதும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ட்ராலிதான் என்கிற மாதிரி.

எல்லாம் முடிந்தது என்று அம்மா படுத்துவிட்டாள். ஆனால் முடியவில்லை. அந்த வாரமே குப்புசாமி மாமா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அக்கா, அவங்களுக்குப் பொண்ண புடிச்சி கீதாம்! பையன் இவளத்தான் கட்டுவேன்னு சொல்றானாம்! பெரியவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. பொண்ணு வந்து, 'அது ரயிலு இல்லீங்க, நான் தெரியாம சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லணுமாம். அவ்ளோதான். தாம்பூலம் மாத்திக்கலாம்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அழுதாள். "ஒரு வார்த்ததானே டி. வாய்லருந்து முத்தா கொட்டிடும்? அது ரயிலா இருந்தா ஒனக்கு இன்னா, ட்ராலியா இருந்தா ஒனக்கு இன்னா? பேங்க் மாப்பிள்ள டி!"

அம்மா சொன்னது நியாயம். எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. அந்தச் சிரிப்புச் சத்தம் வேறு காதிலேயே இருந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டு போய், வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பேசி மாமனாரை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் "இல்லை" என்ற சொல்லைத் தொண்டைவரை கொண்டுவந்தால், காலடியில் அந்தத் தடதடப்பு கேட்கிறது. நான் ஏறிப் போன வண்டியை நானே இல்லை என்று சொல்வதா?

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் தறியில் உட்கார்ந்து அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "நானும்தான் கரைல நின்னு பாத்துக்கினு இருந்தேன். ஓடிச்சா இல்லியா? ஓடிச்சி. அப்பறம் இன்னாத்துக்கு இல்லன்னு சொல்லணும்? ஒரு வாட்டி சொல்லிட்டா, போற வூட்ல தெனமும் இல்ல இல்லன்னு சொல்லிக்கினு இருக்கணும்." அதோடு தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்தச் சம்பந்தம் அப்படியே கைவிட்டுப் போயிற்று. ராஜேந்திரன் எழுந்து தன் அப்பாவிடம் அந்த ரயிலுக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தால், நானும் ஒரு படி இறங்கி, சின்ன ரயில் என்று ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. (ட்ராலி என்று சொல்லியிருக்க மாட்டேன்.)

பிறகு கொஞ்ச காலம் எனக்கு வரன் வருவது நின்றுவிட்டது. மாமனாரை ஏரியில் தள்ளுகிற பெண் என்று தாலுகா முழுவதும் பேர். கடைசியில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் வந்தார். ரயில் விஷயத்தை நானே முதலில் போட்டு உடைத்தேன். "ரயிலோ ட்ராலியோ, எனக்கு வெளிய கெளம்பறதே புடிக்காதுங்க" என்றார். கட்டிக்கொண்டேன். எங்கள் ஊருக்கே மாற்றல் வாங்கி வந்தவர், அப்புறம் கிளம்பவே இல்லை.

ஒரு கோடையில் ஏரி அடியோடு வற்றியது. இடுப்பில் குழந்தையோடு நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். வெடித்த சேறுதான் இருந்தது. வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. யாரோ முந்திக்கொண்டு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஆக, வண்டி ஓடியதற்குச் சாட்சி என்று இன்று என்னிடம் எதுவும் இல்லை. என்னோடு ஏறி வந்த ஒரே சாட்சி சம்பந்தம்தான். அவரை ஒரு முறை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் பார்த்தேன். பல்லெல்லாம் போயிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, சாம்பார் வாளி எங்களைத் தாண்டும்வரை காத்திருந்து, பக்கத்திலிருந்த பேத்தியிடம் என்னைக் காட்டினார். "தோ, இவங்களும் நானும் ஒரு வாட்டி ட்ராலில போனோம்" என்றார்.

"ரயில்ல" என்றேன். இரண்டு பேரும் பாயசம் சாப்பிட்டோம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும், புதிதாகச் சம்பந்தம் ஆகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும் பொறுப்பை டிராயிங் மாஸ்டர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. "மத்தவங்க வூட்ல எல்லாம் ரீல் வுடுவாங்க. எங்க வூட்ல இவ ரயிலே வுட்டா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, வந்தவர்கள் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளச் சொல்லி, நான் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவேன்.